பள்ளிக்கூடத்தில் ஒரு வேளைச் சோறு

தமிழகப் பள்ளிகளில் மதிய உணவு சென்னை மாநகராட்சியில் தொடங்கியது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920 செப்டம்பரில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு உணவளிக்க மன்றம் ஒப்புதல் தந்தது. தலைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மேல் செலவாகக் கூடாது என்பது வரம்பு. அங்கே படித்தவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். பசியால் பள்ளிக்கு வராமல் நின்றவர்கள். சோறு கிடைத்ததும் சேர்க்கை கூடியது. திட்டம் மேலும் சில பள்ளிகளுக்குப் பரவியது. தொடக்கக் கல்வி நிதியை உணவுக்குச் செலவிடக் கூடாது என்று அரசு மறுத்ததால், 1925இல் அது நின்றுபோனது. உணவு கல்விச் செலவில் சேருமா என்பதே சிக்கல். பிற்பாடு ஏழை மாணவருக்கு மட்டும் மீண்டும் வந்தது.

முதலமைச்சர் காமராசர் 1956இல் இதை மாநிலம் முழுவதற்குமான பணியாக எடுத்துக்கொண்டார். எட்டயபுரத்தில் தொடங்கிய இத்திட்டத்துக்குக் கல்வித் துறையில் நெ. து. சுந்தரவடிவேலு துணைநின்றார். கருவூலத்தில் பணம் போதாத காலம் அது. ஊர் மக்கள் பணமாகவும் தானியமாகவும் காய்கறியாகவும் கொடுத்தார்கள். அரசும் மானியம் அளித்தது. கூலி வேலைக்குப் போகும் தாய் தன் பிள்ளையை நம்பிக்கையோடு பள்ளிக்கு அனுப்ப முடிந்தது. ஆனால் ஊரின் கையிருப்பைப் பொறுத்தே அடுப்பு எரிந்ததால், வறண்ட ஊர்களுக்கே உதவி குறைவாகச் சேர்ந்தது.

இந்தக் குறையை 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் போக்கியது. முழுச் செலவையும் அரசே ஏற்றது. மையந்தோறும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் ஆகியோர் அமர்த்தப்பட்டனர். ஆதரவற்ற பெண்கள் பலர் இப்பணியால் பிழைப்புப் பெற்றனர். 1984இல் பத்தாம் வகுப்பு வரை விரிந்தது. 1989இல் கருணாநிதி ஆட்சியில் முட்டையும் சேர்ந்தது. எல்லாப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்டது, சாதி பார்த்து இலை போட்ட ஊர்களில் சிறிய மாற்றமல்ல.

நடுவணரசு 1995இல் நாடு தழுவிய திட்டத்தைக் கொண்டுவந்தது. பல மாநிலங்கள் தானியத்தை மட்டும் வழங்கிவந்த நிலையில், சமைத்த உணவே தர வேண்டும் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2013இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் பள்ளி உணவைக் குழந்தைகளின் உரிமையாக்கியது. தமிழகத்தில் 2022 செப்டம்பரில் மதுரையில் முதலமைச்சர் ஸ்டாலின் காலை உணவைத் தொடங்கினார்; 2023 ஆகஸ்டில் அது மாநிலத்தின் அனைத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் சென்றது. கல்விக் கட்டணத்தை நீக்கினால் மட்டும் ஏழைப் பிள்ளை படித்துவிடாது, வயிற்றுக்கும் வழி செய்ய வேண்டும் என்பதை இந்த நூறாண்டு அனுபவம் நிறுவியிருக்கிறது.