முழங்காலை மாற்றலாம், உட்சவ்வை...?

முழங்கால் மாற்றுச் சத்திரசிகிச்சை இன்று எவருக்கும் வியப்பூட்டும் செய்தியன்று. மூட்டுத் தேய்ந்த முதியவர்கள் பலர் உலோகமும் பிளாஸ்ரிக்கும் சேர்ந்த செயற்கை முழங்கால்களுடன் கோயில் வீதியைச் சுற்றி வருகிறார்கள். ஆனால் இச்சிகிச்சையின் வரலாற்றைத் தேடிப் படிக்கப் புகும் ஒருவர், அதன் முதலாவது அத்தியாயம் முதுமைத் தேய்மானத்தைப் பற்றியதன்று என்பதைக் கண்டுகொள்வார். அது நோயுற்ற மூட்டொன்றைப் பற்றியது. நோயாளியோ பதினேழு வயதுப் பெண்.

1890ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் திகதி, பேர்ளின் நகரில் தெமிஸ்டொக்கிள்ஸ் குளூக் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் அந்தப் பெண்ணின் முழங்காலைத் திறந்தார். இன்றைய ருமேனியாவிலுள்ள யாஸி நகரில் 1853இல் பிறந்தவர் அவர். காசநோய் அரித்திருந்த மூட்டை அகற்றிவிட்டு, யானைத் தந்தத்தாற் செய்த கதவுப் பிணைச்சல் போன்ற மூட்டொன்றை அதனிடத்திற் பொருத்தினார். அதனை என்புடன் ஒட்டுவதற்குப் பைன் மரப் பிசின், நுரைக்கல் தூள், பாரிஸ் சாந்து ஆகியவற்றைக் கலந்து பசையொன்றையும் அவர் ஆக்கியிருந்தார். இன்றைய 'என்புச் சீமெந்து' என்பதன் முப்பாட்டன் இதுதான். முழங்கால் மட்டுமன்றி வேறு மூட்டுகளையும் சேர்த்துப் பதினான்கு மாற்றுச் சிகிச்சைகளை அவர் செய்ததாக மருத்துவ வரலாறு கூறுகின்றது.

தொடக்கம் வெற்றி போலவே தோன்றியது. வலி குறைந்தது, மூட்டு அசைந்தது. ஆனால் மூட்டை மாற்றியதால் காசநோய் மாறிவிடவில்லை. சுற்றியிருந்த இழையங்களில் தங்கிய நோய் மீண்டும் கிளம்பியது, சீழ் வடிந்தது, தந்த மூட்டுகளைக் கழற்ற வேண்டியதாயிற்று. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் பேர்ளினில் நடைபெற்ற பத்தாவது சர்வதேச மருத்துவ மாநாட்டிலே தமது முயற்சிகளை எடுத்துரைக்கக் குளூக் விரும்பினார். ஜேர்மானியச் சத்திரசிகிச்சைத் துறையின் முடிசூடா மன்னராக விளங்கியவரும், ஒரு காலத்தில் குளூக்கின் மேலதிகாரியாக இருந்தவருமான ஏர்ண்ஸ்ட் ஃபொன் பேர்க்மான் அதனைத் தடுத்துவிட்டார். காசநோய்க்கு மருந்து கண்டுவிட்டதாக ரொபேர்ட் கொக் அறிவித்ததும் இதே மாநாட்டில்தான். அந்த மருந்து பின்னர் பொய்த்துப் போனது. பேர்க்மானின் எச்சரிக்கையில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும், தோல்வியைப் பகிரங்கமாகப் பேச விடாமற் செய்ததால் அத்தோல்வியிலிருந்து கற்கக்கூடிய பாடமும் பல தசாப்தங்கள் பின்தள்ளப்பட்டது என்றே நான் கருதுகிறேன். தணிக்கை என்பது பத்திரிகைத் துறைக்கு மட்டும் உரிய சாபமன்று.

இவ்விடத்தில் உட்சவ்வைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். முழங்கால் மூட்டின் உட்புறத்தை மெல்லிய சவ்வொன்று மூடியிருக்கிறது. மூட்டு வழுக்கி அசைவதற்கு வேண்டிய திரவத்தைச் சுரப்பது அதுவே. ஆரோக்கியமான உடலில் அது இருக்கும் இடமே தெரியாது. நோயுற்றாலோ அது தடித்து, வீங்கி, குருத்தெலும்பையும் என்பையும் தின்னத் தொடங்கும். அதனை முற்றாகக் களைந்தெறியும் சிகிச்சையைக் காசநோய் பீடித்த முழங்காலில் 1877இலேயே செய்தவர் ஜேர்மனியின் ரிச்சார்ட் ஃபொன் ஃபொல்க்மான். ஆக, சவ்வை அகற்றுவது, மூட்டை மாற்றுவது என்ற இரு பாதைகளும் ஒரே நாட்டில், ஒரே நோயின் முன்னால், பதின்மூன்று ஆண்டு இடைவெளியில் தோன்றியவை.

காசநோயைப் பின்னாளில் மருந்துகள் கட்டுப்படுத்தின. ஆனால் இதே உட்சவ்வைத் தாக்கும் இன்னொரு நோய், மிக அரிதானது, பெயர் கூட நிலைக்காதது, வைத்தியர்களை நெடுங்காலம் அலைக்கழித்து வந்தது. 1852இல் பிரான்ஸின் எடுவார்ட் ஷசேய்ஞாக் என்பவர் விரல்களின் தசைநாண் உறையில் இக்கட்டியைக் கண்டு, அதனைப் புற்றுநோய் என்றே எழுதினார். 1941இல் நியூயோர்க்கில் ஹென்றி ஜஃபே, லூயிஸ் லிக்டென்ஸ்டீன், சார்ள்ஸ் சூட்ரோ ஆகிய மூவரும் இது புற்றுநோயன்று, ஒருவகை அழற்சியே என வாதிட்டு நீண்டதொரு பெயரைச் சூட்டினர். தமிழில் சொல்வதானால், 'நிறமேறிய சடைமுளை முடிச்சு மூட்டுச்சவ்வழற்சி'. ஆங்கில முதலெழுத்துகளைக் கொண்டு பி.வி.என்.எஸ். என்பர். எந்தப் பத்திரிகையின் உதவி ஆசிரியராலும் ஒற்றைப் பத்தித் தலைப்பில் அடக்க முடியாத பெயர். அதற்கு மறு ஆண்டு, 1942இல், குளூக் பேர்ளினில் காலமானார்.

பெயர் நீண்டதாயினும் அது கண்ணால் கண்டதைச் சொல்கிறது. சவ்வு கடற்பாசி போலச் சடைத்து வளர்கிறது. முடிச்சு முடிச்சாகத் திரள்கிறது. மூட்டினுள் திரும்பத் திரும்ப இரத்தம் கசிவதால் இரும்புக் கறை ஏறித் துருப்பிடித்த நிறம் கொள்கிறது. ஊசி குத்தி எடுக்கும் நீரும் பெரும்பாலும் அந்த நிறத்திலேயே வரும். முழங்காலே இதற்கு மிகவும் பிடித்தமான இடம். ஒரே கட்டியாக நிற்பதும் உண்டு, மூட்டு முழுவதும் பரவுவதும் உண்டு. பரவும் வகை ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் பேரில் நால்வர் அல்லது ஐவருக்கே புதிதாக வருகிறது என 2017இல் வெளியான நெதர்லாந்துக் கணிப்பு கூறுகின்றது.

அந்த ஐவரில் ஒருவரை எனக்குத் தெரியும். தொண்ணூறுகளின் இறுதியில் எமது காரியாலயத்தில் பக்க வடிவமைப்புச் செய்த இளைஞர் அவர். ஒரு முழங்கால் மாத்திரம் வீங்கியிருக்கும். வலி அவ்வளவாக இராது. வாதம் என்றார்கள், பின்னர் காசநோயாக இருக்கலாம் என்று மாதக்கணக்கில் குளிசை கொடுத்தார்கள். எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. இறுதியில் சவ்வின் துண்டொன்றை வெட்டியெடுத்துச் சோதித்த பின்னரே உண்மை வெளிவந்தது. அப்போது அவர் என்னிடம் கேட்டார்: "அண்ணை, முழங்காலை முழுசா மாத்திப்போட்டால் இந்த வருத்தம் போயிடுமோ?" நோயின் பெயரைக் கூட அன்றுதான் கேள்விப்பட்ட நான் என்ன சொல்வேன்? வைத்தியரிடம் கேட்கும்படி சொன்னேன். இக்கட்டுரைக்கான வாசிப்பு அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கியதுதான்.

குளூக்குக்குப் பின்னர் செயற்கை முழங்காலின் கதை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் உறங்கியது. 1950களில் சுவீடனின் வால்டியஸ், இங்கிலாந்தின் ஷியர்ஸ் ஆகியோர் பிணைச்சல் மூட்டுகளை மீண்டும் பொருத்தத் தொடங்கினர். கனடாவிலிருந்து வந்து இங்கிலாந்தின் ரைட்டிங்டன் வைத்தியசாலையிற் பணியாற்றிய பிராங்க் கன்ஸ்டன், முழங்கால் வெறும் கதவுப் பிணைச்சலைப் போல அசைவதில்லை என்பதை உணர்ந்து 1968இல் புதிய வடிவமொன்றைப் பயன்படுத்தினார். 1974இல் நியூயோர்க்கில் ஜோன் இன்சோல், இந்தியாவிற் பிறந்த சித்தரஞ்சன் ரணாவத், பொறியியலாளர் பீற்றர் வோக்கர் ஆகியோர் உருவாக்கிய மூட்டுத்தான் இன்றைய செயற்கை முழங்கால்களின் மூதாதை.

இவையனைத்தும் தேய்ந்த மூட்டையும் முடக்குவாதத்தையும் மனதிற்கொண்டு செய்யப்பட்டவை. பி.வி.என்.எஸ். நோயாளிக்கோ வழக்கமான சிகிச்சை, சவ்வைக் களைதலே. முன்புறச் சவ்வை எடுப்பது ஒப்பீட்டளவில் எளிது. பின்புறத்தில் காலுக்குச் செல்லும் பெருநாடியும் நரம்புகளும் நெருங்கிக் கிடக்கின்றன. எஞ்சிய சிறு துணுக்கிலிருந்து நோய் மீளக் கிளம்பும். பரவும் வகையில் நோய் மீண்டோர் அரைவாசிக்கும் மேல் என அறிவித்த மருத்துவத் தொகுப்புகளும் உள்ளன. இரண்டாவது, மூன்றாவது தடவை எனத் திறக்கத் திறக்கக் குருத்தெலும்பும் அழிகிறது. அப்போதுதான் மாற்று மூட்டு பற்றிய பேச்சு எழுகிறது.

அமெரிக்காவின் மாயோ கிளினிக் நிபுணர்கள் 1998இல், இந்நோயுடன் முழங்கால் மாற்றப்பட்டவர்களைப் பற்றிய அறிக்கையொன்றை வெளியிட்டனர். புகழ்பெற்ற அந்நிலையம் ஆண்டுக்கணக்கில் திரட்டியும் அதில் இடம்பெற்ற நோயாளிகள் இருபதுக்கும் குறைவு. அரிய நோயாளியின் அவலம் இதுதான்: ஆயிரக்கணக்கானோரின் அனுபவம் மற்றவர்களுக்கு வழிகாட்ட, இவருக்கோ ஒரு பஸ்ஸில் ஏற்றக்கூடியவர்களின் அனுபவமே வழிகாட்டி. அந்த அறிக்கையும் பின்வந்தவையும் சேர்ந்து சொல்லும் செய்தி கலப்பானது. வலி குறைகிறது, நடை திரும்புகிறது. என்பு நுனிகளை வெட்டி அகற்றும்போது மூட்டின் பின்புறம் திறந்துகொள்வதால், முன்னர் எட்டாத சவ்வையும் களைய முடிகிறது. ஆனால் மூட்டுக்கு வெளியே பரவிய நோய் தப்பிவிடலாம். செயற்கை மூட்டைச் சுற்றியே நோய் மீண்ட சம்பவங்கள் பதிவாகியுள்ளன. மூட்டு இறுகிப்போகும் அபாயமும் ஏனையோரைவிட அதிகம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1980கள் முதல் இந்நோயைக் காட்டிக்கொடுத்து வருவது எம்.ஆர்.ஐ. ஸ்கான். இரும்புக் கறை அதிற் கரிய நிழலாக விழும். முழங்காலில் உலோகம் ஏறியதும் அந்தப் படம் குழம்பிவிடுகிறது. பின்னர் வீக்கம் வந்தால் அது கிருமித்தொற்றா, மூட்டுத் தளர்ந்ததா, பழைய பகைவனா என்று பிரித்தறிவது பெரும்பாடு.

வயதும் ஒரு பிரச்சினை. இந்நோய் பெரும்பாலும் பிடிப்பது இருபது முதல் ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்களை. 'லான்செற்' மருத்துவச் சஞ்சிகையில் 2019இல் வெளிவந்த ஆய்வின்படி, மாற்றிய முழங்கால்களில் ஏறத்தாழ 82 சதவீதம் 25 ஆண்டுகள் தாக்குப்பிடிக்கின்றன. கேட்பதற்கு மகிழ்ச்சிதான். ஆனால் அதே சஞ்சிகை 2017இல் வெளியிட்ட ஆய்வு, ஐம்பதுகளின் தொடக்கத்தில் முழங்கால் மாற்றிக்கொள்ளும் ஆண்களில் நூற்றுக்கு 35 பேர் வரை வாழ்நாளில் மறு சத்திரசிகிச்சைக்கு ஆளாகலாம் என்கிறது. எழுபது வயதைக் கடந்தோரில் இது ஐந்து பேரளவிலேயே உள்ளது. முப்பது வயதுக்காரருக்கு என்ன கணக்கு என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம். அதனாலேயே வைத்தியர்கள் "பொறுத்திருங்கள்" என்கிறார்கள். பொறுத்திருப்பவரின் தொழிலும் குடும்பமும் பொறுத்திருப்பதில்லை.

ஜஃபேயின் 'அழற்சி' என்ற முடிவு 2006இல் ஆட்டங்கண்டது. சவ்விலுள்ள கலங்களில் ஒரு சிறு பகுதியே நிறமூர்த்தக் குழப்பத்துக்கு உள்ளாகி, சி.எஸ்.எஃப்.1 என்ற புரதத்தை அளவுகடந்து சுரக்கின்றன. அது வரவழைக்கும் பெருவிழுங்கிக் கலங்களே கட்டியின் பெரும்பகுதி என அமெரிக்க ஆய்வாளர்கள் அந்த ஆண்டு காட்டினர். அழைப்பவர் சிலர், வந்து குவிபவர் பலர். எங்கள் நாட்டு அரசியற் கூட்டங்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். 2013இல் உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்படுத்தல் இதனை மூட்டுச்சவ்வின் இராட்சதக் கலக் கட்டி என்ற பெயருக்குள் கொண்டுவந்தது. ஷசேய்ஞாக் சொன்ன புற்றுநோயன்று, எனினும் கட்டிதான்.

பெயர் மாறியதும் சிகிச்சையும் மாறியது. அந்தப் புரதத்தின் அழைப்பைத் தடுக்கும் பெக்சிடார்ட்டினிப் என்ற மருந்தை அமெரிக்கா 2019இல் அனுமதித்தது. ஈரலைப் பாதிக்கும் அபாயம் இருந்தமையால் கடும் நிபந்தனைகளும் விதிக்கப்பட்டன. ஐரோப்பிய மருந்துகள் முகவரகம் 2020இல் அதனை ஏற்க மறுத்தது. 2025 பெப்ரவரியில் விம்செல்ட்டினிப் என்ற இன்னொரு மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சத்திரசிகிச்சை பயன் தராத அல்லது கேடு விளைவிக்கக்கூடிய நோயாளிகளுக்கென வந்தவை இவை. சவ்வைச் சுருக்கும் ஆற்றல் இவற்றுக்கு உண்டு. ஏற்கெனவே அரிக்கப்பட்ட குருத்தெலும்பை இவை மீட்டுத் தரமாட்டா. ஆகவே முழங்கால் மாற்றுச் சிகிச்சையின் தேவை இந்நோயாளிகளுக்கு அற்றுப்போய்விடவில்லை.

சாதாரணத் தேய்மானம் என்று எண்ணித் திறக்கப்படும் முழங்காலிலும் சிலவேளை துருநிறச் சவ்வு எதிர்பாராமல் எதிர்ப்படுவதுண்டு. அப்போது சத்திரசிகிச்சை நிபுணர் அதனைக் கண்ணுக்கெட்டிய மட்டும் களைந்து, ஒரு துண்டை ஆய்வுகூடத்துக்கு அனுப்பிவிட்டே புதிய மூட்டைப் பொருத்துகிறார். அந்த நோயாளி பின்னர் ஆண்டுக்கணக்கில் கிளினிக்குக்கு வந்துபோக வேண்டும்.