கரிசல் சீமையின் அரச வம்சங்கள்

விளாத்திகுளத்தை நடுவில் வைத்துச் சுற்றுமுற்றும் நோக்கினால், மேற்கே எட்டயபுரமும், மற்றைத் திசைகளில் நாகலாபுரம், காடல்குடி, குளத்தூர் என்பனவுமாக, ஒரு காலத்தில் பாளையக்காரர்கள் கோட்டை கட்டி ஆண்ட ஊர்களே நிறைந்திருக்கக் காணலாம். பருத்தியும் கம்பும் விளையும் இந்த வானம் பார்த்த பூமியில் இத்தனை ராஜ குடும்பங்கள் வாழ்ந்தன என்பதை இன்று நம்மிற் பலர் நினைத்தும் பார்ப்பதில்லை.

ஆனால் பிரான்சு தேசத்துப் பூர்போன் அரச வம்சத்தின் வரலாற்றை, ஒன்பதாம் லூயி மன்னனுடைய கடைசிக் குமாரனாகிய ராபர்ட்டிலிருந்து தொடங்கி, கிளை கிளையாகவும், மணவுறவு கொண்ட பிரபுக்களின் குடும்பம் குடும்பமாகவும் அந்நாட்டார் எழுதி வைத்திருக்கிறார்கள். 1790-ல் பிரபுக்களின் பரம்பரைப் பட்டங்கள் ஒழிக்கப்பட்டு, 1793-ல் பதினாறாம் லூயி சிரச்சேதம் செய்யப்பட்ட பிறகும் அந்த வம்சாவளி அழிந்துபோகவில்லை. அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து நம் சீமையில் வீழ்ந்த வம்சங்களுக்கோ அந்தப் பாக்கியம் கிட்டவில்லை.

1799-ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கும்பினியாரின் மேஜர் பானர்மன் படையெடுத்து வந்து, அக்டோபர் 16-ஆம் தேதி பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டபோது, பாஞ்சாலங்குறிச்சியோடு ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், கோல்வார்பட்டி, காடல்குடி, குளத்தூர் ஆகிய பாளையங்களும் பறிமுதலாயின. நாகலாபுரத்துச் சௌந்தரபாண்டியனும் கட்டபொம்மனின் தானாபதி சுப்பிரமணிய பிள்ளையும் உயிரிழந்தனர். பறித்த நிலங்களில் ஒரு பகுதி கும்பினியாருக்குத் துணைநின்ற எட்டயபுரத்தாருக்குச் சேர்ந்தது. 1801-ல் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை மீண்டும் எழுப்பிய கோட்டையும் கர்னல் அக்னியூவின் பீரங்கிகளால் தகர்ந்து, பாஞ்சாலங்குறிச்சியே தரைமட்டமாக்கப்பட்டது.

வென்ற பக்கம் நின்ற எட்டயபுரத்து வீட்டுக்குச் சரித்திரம் எழுதப்பட்டது. சந்திரகிரிச் சீமையிலிருந்து புறப்பட்டு வந்த முன்னோரையும், விஜயநகரத்தில் சோமன் என்னும் மல்லனைக் கொன்று அவன் தம்பியர் எண்மரைக் காத்த வீரனையும் பற்றிய குடும்ப ஐதீகத்தோடு கூடிய ‘வம்சமணி தீபிகை’யைக் கவிகேசரி சுவாமி தீட்சிதர் இயற்ற, அது 1879-ல் அச்சேறியது. அந்நூலைத் திருத்திப் புதிதாக எழுதித் தர விரும்பி 1919-ல் பாரதியார் எட்டயபுரம் மன்னருக்கு விண்ணப்பித்தார் என்பதும், அவ்விருப்பம் ஈடேறவில்லை என்பதும் தமிழுக்கு நேர்ந்த நஷ்டம் என்றே கருதுகிறேன்.

எட்டயபுரத்தைப் பழிச்சொல்லாக மட்டுமே வழங்குவது நியாயமன்று. பாலுஸ்வாமி தீட்சிதரை ஆஸ்தான வித்துவானாக ஆதரித்ததும், 1835-ல் முத்துஸ்வாமி தீட்சிதர் உயிர்நீத்ததும், 1904-ல் சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ அச்சானதும் அவ்வூரிலேதான். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவருக்கு ஆசிரியராயிருந்த கடிகைமுத்துப் புலவரும் அச்சமஸ்தானத்துப் புலவரே. ஆயினும் இந்தக் கலைப்பணிகளைக் காட்டி 1799-ன் நிலப்பேற்றை மறைத்துவிடவும் கூடாது. இரண்டையும் ஒரே ஏட்டில் எழுதுவதுதான் சரித்திர தர்மம்.

தோற்ற வம்சங்களின் கலையும் ஒரேயடியாக மாய்ந்துவிடவில்லை. ராக ஆலாபனையிலே கரிசல் மக்களைக் கட்டிப்போட்ட விளாத்திகுளம் சுவாமிகள் காடல்குடி ஜமீன் பரம்பரையில் வந்தவர். அவரை நினைவுகூர்வோர் இன்றும் பலருண்டு. அவருடைய முன்னோரை வரிசையாகச் சொல்லவல்லார் அரியர்.

1948-ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீன்களையே ஒழித்து நிலத்தை ரயத்துவாரி முறைக்குக் கொண்டுவந்துவிட்டதால், இவ்வரலாற்றைக் கண்டு யாரும் இனி ஆட்சியுரிமை கோரப் போவதில்லை, அஞ்சுவதற்கும் எதுவுமில்லை. ஆகவே நாகலாபுரம், காடல்குடி, குளத்தூர்ப் பக்கத்து வீடுகளில் ஓலைப்பட்டயமோ, செப்பேடோ, பழைய வழக்குக் காகிதமோ வைத்திருக்கும் அன்பர்கள் அவற்றைக் கரையானுக்கு இரையாக்காமல், படி எடுத்து ஆவணக் காப்பகத்திலோ பல்கலைக்கழகத்திலோ சேர்ப்பிக்க வேண்டுகிறேன்.