லண்டன்–சிட்னி வான்வழி: பயண நேரம் சுருங்கிய வரலாறு (1919–2019)

லண்டனுக்கும் சிட்னிக்கும் இடையிலான மிகக் குறுகிய வான்வழித் தொலைவு ஏறத்தாழ 17,000 கி.மீ. தொலைவு மாறவில்லை, பயண நேரமோ நூறாண்டுகளில் ஒரு மாதத்திலிருந்து ஒரு நாளுக்கும் கீழே இறங்கிவிட்டது. விமானங்களின் வேகம் கூடியதே காரணம் என்பது பொதுவான கருத்து. அது பாதி உண்மையே. இடைநிறுத்தங்கள் குறைந்ததற்கும் இதில் பெரும்பங்கு உண்டு என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

தரையில் கழிந்த நாள்கள்

பிரிட்டனிலிருந்து 30 நாளுக்குள் பறந்து வரும் ஆஸ்திரேலியர்களுக்கு 10,000 பவுன் பரிசு என 1919இல் அந்நாட்டு அரசு அறிவித்தது. ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் சகோதரர்கள் இரு மெக்கானிக்குகளுடன் விக்கர்ஸ் விமி விமானத்தில் நவம்பர் 12 அன்று லண்டனை அடுத்த ஹவுன்ஸ்லோவிலிருந்து புறப்பட்டு, டிசம்பர் 10 அன்று டார்வினில் இறங்கினர். அந்த 28 நாளில் அவர்கள் வானில் இருந்தது சுமார் 135 மணி நேரம். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்குதான். சுரபாயாவில் சேற்றில் புதைந்த விமானம், ஊர்மக்கள் கொடுத்த மூங்கில் பாய்களை விரித்த பிறகே மேலெழ முடிந்தது.

1935இல் தொடங்கிய பிரிஸ்பேன்–லண்டன் பயணிகள் சேவைக்குப் பன்னிரண்டரை நாள் பிடித்தது. இரவுகள் விடுதிகளில் கழிந்தன. பாரிஸ்–பிரின்டிசி இடையே ரயில் பயணம்.

போர்க்காலச் சோதனை

1942இல் சிங்கப்பூர் ஜப்பானிடம் வீழ்ந்ததும் இவ்வழி அறுந்தது. மாற்றாக, 1943 முதல் 1945 வரை குவாண்டஸ் நிறுவனத்தின் காட்டலினா கடல்விமானங்கள் பெர்த்திலிருந்து இலங்கையின் கொக்கல ஏரிவரை, 5,600 கி.மீ.க்கு மேல், எங்கும் இறங்காமல் பறந்தன. எதிரிக்குத் தெரியாதிருக்க வானொலித் தொடர்பைத் தவிர்த்து, விண்மீன்களைக் கொண்டு திசை கணித்தனர். பயணம் 27 முதல் 33 மணி நேரம் நீண்டதால் வழியில் இருமுறை சூரியன் உதித்தது. 'இரட்டைச் சூரியோதயம்' என்ற பெயர் அதனால் வந்தது. எரிபொருளின் எடை காரணமாக மூன்று பயணிகளுக்கும் 69 கிலோ அஞ்சலுக்கும் மட்டுமே இடமிருந்தது. நிற்காமல் பறப்பதற்கான விலை, சுமையைக் குறைப்பது என்பதை இச்சேவை காட்டியது.

வேகத்தின் எல்லை

1947 டிசம்பரில் கான்ஸ்டலேஷன் விமானம் சிட்னியிலிருந்து 29 பயணிகளுடன் டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி வழியாக நான்கு நாளில் லண்டன் சேர்ந்தது. பறந்த நேரம் சுமார் 55 மணி. 1959இல் போயிங் 707 ஜெட் வந்தபின் பறப்பு வேகம் மணிக்கு 900 கி.மீ. அளவை எட்டியது. இன்றைய விமானங்களும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் பறக்கின்றன. பிந்தைய முன்னேற்றமெல்லாம், ஒரே மூச்சில் பறக்கக்கூடிய தொலைவு கூடியதால் வந்தது.

1989இல் போயிங் 747-400, கட்டணப் பயணிகள் எவருமின்றி, லண்டனிலிருந்து சிட்னிக்கு 20 மணி 9 நிமிடத்தில் நேராகப் பறந்தது. 2019இல் சுமார் 50 பேருடன் போயிங் 787-9 எடுத்துக்கொண்டது 19 மணி 19 நிமிடம். முப்பதாண்டு இடைவெளியில் மிச்சமானது ஒரு மணிக்கும் குறைவே. இடையில், 2018இல், 14,498 கி.மீ. தொலைவுள்ள பெர்த்–லண்டன் நேரடிச் சேவை முழு வணிகச் சேவையாகவே தொடங்கிவிட்டது.

முடிவுரை

2024 ஏப்ரலில் மேற்காசியப் பதற்றத்தால் வழி நீண்டபோது, பெர்த்–லண்டன் விமானம் எரிபொருளுக்காகச் சிங்கப்பூரில் இறங்க நேர்ந்தது. ஆகவே, இவ்வழியின் பயண நேரத்தை வேகம் மட்டும் தீர்மானிக்கவில்லை; எரிபொருள், சுமை, வான்வெளி அரசியல் ஆகிய மூன்றும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.