நான்கு எண்களும் ஐந்தாம் எண்ணும்

நம் பிள்ளைகளின் கணக்குப் புத்தகங்களில் அடிக்கடி காணும் வினா ஒன்று உண்டு. "1, 2, 3, 5 - அடுத்து வரும் எண் யாது?" என்பது அது. எட்டு என்கிறான் மகன். ஏழு என்கிறாள் மகள். இருவருள் ஒருவர்தாம் வென்றிருத்தல் வேண்டும் என்று கருதி, நாமும் விடைப் பக்கத்தைப் புரட்டுகிறோம். ஆனால் இரண்டு விடைகளும் சரியாக இருத்தல் கூடும். இரண்டின் வரலாறும் நம் நாட்டோடு தொடர்புடையது. ஆண்டு விழா மலரின் வாயிலாக அவ்வரலாற்றை நம் குடும்பத்தாரோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

எண் தொடரை அறிவதில் இரு வழிகள் உண்டு. படிப்படியாக ஏறி அடுத்த எண்ணை அடைவது ஒரு வழி. இடையிலுள்ள படிகளில் கால் வையாமலே, வேண்டிய இடத்து எண்ணை நேரே சொல்லிவிடுவது மற்றொரு வழி. 5, 8, 11 என மும்மூன்றாய் வளரும் கூட்டுத் தொடரில் நூறாவது எண் எது? முதல் எண்ணாகிய ஐந்தோடு 99 மூன்றுகளைச் சேர்த்தால் 302 என விடை வந்துவிடும். இத்தகைய தொடர்களின் கூட்டுத்தொகையைக் காணவும், தொகையிலிருந்து உறுப்புகளின் எண்ணிக்கையை அறியவும், ஆரியபட்டர் தம் ஆரியபட்டீயத்திலேயே விதிகள் கூறியுள்ளார். கி.பி. 499-இல் தமக்கு வயது இருபத்து மூன்று என்று அந்நூலிலேயே அவர் குறிக்கிறார்.

எல்லாத் தொடர்களும் இவ்வளவு எளிதில் வசப்படுவதில்லை. முதலில் எட்டு என்னும் விடையைப் பார்ப்போம். அது செய்யுள் இலக்கணத்திலிருந்து பிறந்தது. வடமொழி யாப்பில் லகுவுக்கு ஒரு மாத்திரை, குருவுக்கு இரண்டு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என எண்ணிப் பழகிய நமக்கு இக்கணக்குப் புதிதன்று. நான்கு மாத்திரை கொண்ட அடியை எத்தனை விதமாக அமைக்கலாம்? இரண்டு குரு, ஒரு குருவும் இரு லகுவும் இடம் மாறி நிற்கும் மூன்று வகை, நான்கு லகு. ஆக ஐந்து. ஐந்து மாத்திரைக்கு எத்தனை? அடியின் இறுதியில் லகு நின்றால் எஞ்சியது நான்கு மாத்திரை. குரு நின்றால் எஞ்சியது மூன்று. எனவே ஐந்தும் மூன்றும் கூடி எட்டாகிறது. முந்திய இரண்டையும் கூட்டினால் அடுத்தது என்னும் இவ்விதியை விரகாங்கர் முதலிய யாப்பு நூலார் அறிந்திருந்தனர். குஜராத்தில் வாழ்ந்த சமணப் பேரறிஞர் ஹேமசந்திரர் 1150-ஆம் ஆண்டளவில் அதனைத் தெளிவாக எடுத்துரைத்தார். இத்தாலியரான பிபொனாச்சியின் நூல் வெளிவந்தது 1202-இல்தான். எனினும் இன்று உலகம் இத்தொடரை அவர் பெயராலேயே அழைக்கிறது. இதன் எந்த உறுப்பையும் நேரே காட்டும் வாய்பாடு, ஐந்தின் வர்க்கமூலத்தைக் கொண்டு அமைந்தது. பிரெஞ்சு அறிஞர் பினே அதனை 1843-இல் வெளியிட்டார்.

இனி ஏழு என்னும் விடை. ஓர் எண்ணை முழு எண்களின் கூட்டலாக எத்தனை வகையில் பிரிக்கலாம் என்பது கேள்வி. இங்கு வரிசை மாறினும் வகை ஒன்றே. நான்கை 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். ஐந்தையோ ஏழு வகையாகவே பிரிக்கலாம். ஆக இத்தொடரும் 1, 2, 3, 5 என்றே தொடங்கி, ஐந்தாம் படியில் பிரிந்து செல்கிறது. பத்துக்கு 42 வகை; நூறுக்கு 19 கோடியே 5 லட்சத்து 69 ஆயிரத்து 292 வகை!

இதன் எந்த இடத்து எண்ணையும் நேரே தரும் வாய்பாட்டைத் தேடியவர்களுள் ஒருவர் நம் இராமானுஜன். ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்து, சென்னைத் துறைமுகத்தில் எழுத்தராய் இருந்த அவர், 1914-இல் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே பேராசிரியர் ஹார்டியுடன் சேர்ந்து அவர் கண்ட வாய்பாடு 1918-இல் வெளியாயிற்று. அது மெய்தானா என்று சோதிப்பது எவ்வாறு? இராணுவத்தில் மேஜராக இருந்த கணித அறிஞர் மக்மகோன், இருநூறு வரையிலான எண்களுக்குப் படிப்படியாகக் கையாலேயே கணக்கிட்டு வைத்திருந்தார். இருநூறுக்கு அவர் கண்ட விடை 3,97,299 கோடியே 90 லட்சத்து 29 ஆயிரத்து 388. புதிய வாய்பாட்டின் முதல் எட்டு உறுப்புகளைக் கூட்டியபோது வந்த எண், இதிலிருந்து 0.004 அளவே வேறுபட்டது! பின்னர் 1937-இல் ராடமாக்கர் அவ்வாய்பாட்டைச் சிறிது திருத்தி, துல்லியமான விடை தரும் முடிவிலாத் தொடராக அமைத்தார்.

தாவிப் பாய்ந்தவரின் மேதைக்கு, படி படியாக ஏறியவரின் பொறுமை சான்று பகர்ந்தது. ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று நாம் கூறத் துணியோம்.

ஆகவே, பிள்ளைகள் ஏழு என்றாலும் எட்டு என்றாலும், "தவறு" என்று உடனே அடித்துவிடாமல், "எவ்வாறு கண்டாய்?" என்று கேட்போமாக. முதல் நான்கு எண்கள் ஒரு தொடரின் இயல்பை முழுதும் சொல்லிவிடுவதில்லை. அது பிறந்த விதியே அதனைச் சொல்லும். பிறந்த ஊரை விட்டுப் பல மொழியினரிடையே வாழும் நமக்கு இது கணக்குக்கு அப்பாலும் பயன்படும். அடுத்த வீட்டாரிடம் கண்ட நான்கு செயல்களைக் கொண்டு ஐந்தாவதையும் முடிவு செய்துவிடுகிறோம் அல்லவா? அவர்களும் நம்மைப் பற்றி அவ்வாறே செய்கின்றனர். இரு சாராரும் ஒரு கணம் பொறுத்து, காரணத்தைக் கேட்டறிந்தால், காலனி வாழ்வின் கணக்கும் பிழையின்றி அமையும்.