கோல்ப் வண்டிகள் வீதிக்கு வந்தபோது

கோல்ப் விளையாட்டு எமது வாசகர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு அந்நியமானது. கொழும்பில் களனிப் பள்ளத்தாக்கு ரயில் பாதை ஊடறுத்துச் செல்லும் மைதானத்தை ரயில் யன்னலூடாகக் கண்டவர்களும், நுவரெலியாவில் நகரின் நடுவே விரிந்து கிடக்கும் புற்றரையைப் பார்த்தவர்களும் அவ்விளையாட்டை அத்துடன் மறந்திருப்பர். ஆனால் ஆட்டக்காரரையும் அவரது மட்டைப் பையையும் சுமப்பதற்கென்றே ஆக்கப்பட்ட சிறிய திறந்த வண்டி, அமெரிக்காவின் பல நகரங்களில் இன்று கடைக்கும் வைத்தியசாலைக்கும் பாடசாலைக்கும் செல்லும் வாகனமாகிவிட்டது. புற்றரைக்கு உரிய வண்டி பொது வீதிக்கு வரும்போது அதனை எவர், எங்கே, எந்நேரத்தில் செலுத்தலாம் என்பதை யார் தீர்மானிப்பது? இக்கேள்விக்கு அந்நாட்டின் சிறு நகர சபைகள் கண்ட விடைகளும் அவற்றின் போதாமைகளும், கை உழவு இயந்திரங்கள் நெடுஞ்சாலையில் ஓடும் எமது நாட்டவர்க்கும் அறியத்தக்கவை என நாம் கருதுகின்றோம்.

இவ்வண்டிகள் வீதிக்கு வந்தமைக்கு ஒரே காரணம் இல்லை. புளோரிடா மாநிலத்தின் நடுப்பகுதியில் உள்ள ‘த வில்லேஜஸ்’ என்னும் குடியிருப்பு, 55 வயதைத் தாண்டிய ஓய்வாளர்களை முதன்மையாகக் கொண்டது. கார் செலுத்துவதற்குக் கண்பார்வையும் துணிவும் குன்றிவரும் முதியவர்களுக்கு இவ்வண்டியே கைகால். பெருந்தெருக்களை இவ்வண்டிகள் கடப்பதற்கெனத் தனிப் பாலங்களே அங்கு அமைக்கப்பட்டுள்ளன. ஜோர்ஜியா மாநிலத்தில் அட்லாண்டாவுக்குத் தெற்கே, 1959 ஆம் ஆண்டில் நகராக்கப்பட்ட பீச்ட்ரீ சிற்றியின் நிலை வேறு. அங்கு மரங்களினூடே 160 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தனிப் பாதைகள் போடப்பட்டுள்ளன. பதிவு செய்யப்பட்ட வண்டிகளின் தொகை 10,000 ஐத் தாண்டும். உயர்தரப் பாடசாலை மாணவர்கள் இவ்வண்டிகளிலேயே வந்து அவற்றை வரிசையாக நிறுத்திவிட்டு வகுப்புக்குச் செல்கின்றனர். கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் கற்றலினா தீவில் உள்ள அவலொன் நகரிலோ கார்களின் தொகையே சட்டத்தால் மட்டுப்படுத்தப்பட்டுள்ளது. கார் வைத்திருக்க அனுமதி கோரி ஆண்டுக் கணக்கில் காத்திருக்க வேண்டியிருப்பதால் குடிமக்கள் சிறு வண்டிகளிலேயே பயணிக்கின்றனர்.

சட்டத்தைப் பொறுத்தவரை இவ்விடயத்தில் மூன்று அடுக்குகள் உள்ளன. மத்திய அரசின் வீதிப் பாதுகாப்பு நிர்வாகம் 1998 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ‘குறைவேக வாகனம்’ என்ற புதிய வகையை உருவாக்கியது. மணிக்கு 20 மைல், அதாவது சுமார் 32 கிலோமீற்றருக்கு மேல் ஓடக்கூடியதாயும், 25 மைலுக்கு, அதாவது 40 கிலோமீற்றருக்கு மேற்படாததாயும் உள்ள நான்கு சில்லு வாகனங்கள் இவ்வகையில் அடங்கும். அவற்றுக்கு முன் விளக்கு, தடுப்பு விளக்கு, திரும்பும் சமிக்ஞை விளக்கு, கண்ணாடிகள், முன் மறைப்புக் கண்ணாடி, ஆசனப் பட்டி, அடையாள இலக்கம் ஆகியவை கட்டாயமாக்கப்பட்டன. ஆனால் 20 மைலுக்கு மேல் ஓட முடியாத சாதாரண கோல்ப் வண்டியை மத்திய சட்டம் ‘மோட்டார் வாகனம்’ என்றே கொள்வதில்லை. அதனை மாநிலத்தின் கையில் விட்டுவிட்டது. மாநிலங்கள் பெரும்பாலும் பொதுத் தடையொன்றை விதித்துவிட்டு, விலக்களிக்கும் அதிகாரத்தை நகர சபைகளுக்கும் மாவட்டங்களுக்கும் வழங்கிவிட்டன.

இந்த 20 மைல் கோடு தாளில் தெளிவானது, வீதியில் அவ்வாறில்லை. வண்டியின் வேகக் கட்டுப்பாட்டை மாற்றியமைத்து 25 மைலுக்கு ஓடச் செய்வது ஒரு பயிலுநரும் செய்யக்கூடிய வேலை. அவ்வாறு மாற்றிய மறுகணமே அது சட்டத்தின் கண்ணில் வேறொரு வாகனமாகிவிடுகின்றது. புளோரிடாவில் சாதாரண கோல்ப் வண்டிக்குப் பதிவும் காப்புறுதியும் தேவையில்லை; குறைவேக வாகனத்துக்கு இரண்டும் தேவை. எனவே ஆசனப் பட்டியோ, பதிவோ, காப்புறுதியோ இன்றி ஓடும் வேகமான வண்டி, உரிமையாளர் அறிந்தோ அறியாமலோ, சட்டவிரோத வாகனமாக நிற்கின்றது. வெளித்தோற்றத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமையால் பொலிஸாரின் பாடும் இலகுவானதல்ல.

புளோரிடாச் சட்டம் உள்ளூர் சபைக்கு அதிகாரத்தை மட்டும் வழங்கவில்லை, ஒரு பொறுப்பையும் சுமத்துகின்றது. வீதியொன்றைத் திறந்துவிடு முன்னர், அவ்வீதியில் செல்லும் வாகனங்களின் வேகம், தொகை, தன்மை ஆகியவற்றை ஆராய்ந்து, கோல்ப் வண்டி அங்கு பாதுகாப்பாகச் செல்ல முடியும் எனச் சபை முதலில் தீர்மானித்தாக வேண்டும். பின்னர் அதனை அறிவிக்கும் பலகைகளை நாட்ட வேண்டும். சூரிய உதயத்திற்கும் அஸ்தமனத்திற்கும் இடைப்பட்ட நேரத்திலேயே வண்டி ஓடலாம் என்பது பொது விதி. இரவில் அனுமதிப்பதாயின் அதற்கும் தனித் தீர்மானமும், வண்டியில் விளக்குகளும் முன் கண்ணாடியும் தேவை. ஐயோவா மாநிலத்தின் நகரங்களில் ஓடும் கோல்ப் வண்டிக்கு மெதுவாகச் செல்லும் வாகனத்திற்குரிய செம்மஞ்சள் முக்கோணச் சின்னமும், உயர்ந்த கம்பியில் பறக்கும் சிறு கொடியும் வேண்டும். காருக்குள் இருப்பவரின் கண்ணுக்குத் தாழ்ந்த வண்டி தென்படாமற் போகலாம் என்பதே கொடியின் காரணம். நகரினூடே செல்லும் பிரதான பெருந்தெருவில் அவ்வண்டி ஓட முடியாது. குறுக்கே கடந்து செல்லலாம். தென் கரோலினா மாநிலம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதற்கே எல்லை வகுத்தது: 4 மைல்.

வயதைப் பற்றிய விதியே கூடுதலான வாதத்தைக் கிளப்பிய விடயம். புளோரிடாவில் 14 வயதுச் சிறுவன் எவ்வித அனுமதிப்பத்திரமும் இன்றிப் பொது வீதியில் கோல்ப் வண்டி செலுத்தலாம் என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. காருக்கு ஒரு நியாயம், அதே வீதியில் காருக்கு முன்னால் ஓடும் கதவில்லாத வண்டிக்கு வேறொரு நியாயம்! 2023 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்த திருத்தத்தின் பின்னர், 18 வயதுக்குக் குறைந்தோர் பயிலுநர் அனுமதிப்பத்திரமோ சாரதி அனுமதிப்பத்திரமோ வைத்திருக்க வேண்டும். பீச்ட்ரீ சிற்றியிலோ, பெற்றோர் முன் ஆசனத்தில் உடன் இருந்தால் 12 வயதினரும் செலுத்தலாம் என நகரின் விதி அனுமதிக்கின்றது. தனிப் பாதைகள் உள்ள ஊருக்கு அது ஒருவேளை பொருந்தலாம். தனிப் பாதை இல்லாத ஊர் அவ்விதியை மட்டும் இரவல் வாங்கினால் விளைவு என்னவாகும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

சிறுவர்களைப் பற்றிய இக்கவலை வெறும் அச்சமல்ல. 1990 ஆம் ஆண்டிலிருந்து 2006 ஆம் ஆண்டு வரையான காலத்தில் அமெரிக்காவில் கோல்ப் வண்டிகளால் ஏறத்தாழ 148,000 பேர் காயமடைந்ததாகவும், அவர்களில் 31 சதவீதமானோர் 16 வயதுக்குக் குறைந்தவர்கள் எனவும் 2008 ஆம் ஆண்டில் வெளியான மருத்துவ ஆய்வொன்று மதிப்பிட்டது. பெருமளவு காயங்களுக்குக் காரணம் மோதலோ கவிழ்தலோ அல்ல, வண்டியிலிருந்து விழுதல். வண்டியின் அமைப்பைப் பார்த்தால் இது வியப்பளிக்காது. பக்கங்களில் கதவில்லை; பெரும்பாலானவற்றில் ஆசனப் பட்டியும் இல்லை. வலப்புறம் இருப்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஆசனத்தின் ஓரத்தில் ஒரு தாழ்ந்த கம்பி மட்டும். சாரதி இடப்புறம் அமரும் அந்நாட்டில், வண்டி விரைவாக இடப்புறம் திரும்பினால் பக்கத்தில் இருப்பவர் வலப்புறம் வெளியே வீசப்படுகின்றார். கால் நிலத்தில் எட்டாத சிறுபிள்ளையின் நிலை இன்னும் மோசமானது. பின்னோக்கிப் பார்த்தவாறு அமரும் பின் ஆசனத்தில் இருப்பவரோ, சாரதி திடீரெனப் புறப்படும்போது முகங்குப்புற விழ நேரிடும். சாதாரண கோல்ப் வண்டிகள் பெரும்பாலானவற்றில் தடுப்பு பின் சில்லுகளுக்கு மட்டுமே உண்டு. சரிவில் இறங்கும்போது பலமாக மிதித்தால் பின்பகுதி வழுக்கித் திரும்பிவிடக்கூடும். புற்றரையில் 20 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது இக்குறைகள் பெரிதாகத் தெரிவதில்லை.

எல்லா விதிகளையும் அனுசரித்தவர்களுக்கும் பாதுகாப்பு உறுதியில்லை என்பதைத் தென் கரோலினாவின் ஃபொலி பீச் நகரில் 2023 ஆம் ஆண்டு ஏப்ரல் 28 ஆம் திகதி இரவு நடந்த துயரம் உணர்த்தியது. திருமண விருந்து முடிந்து மணமக்கள் விளக்குகள் பூட்டப்பட்ட வண்டியொன்றில் சென்றுகொண்டிருந்தனர். 25 மைல் வேக எல்லை கொண்ட வீதியில் மதுபோதையில் 65 மைல் வேகத்தில் வந்த கார் பின்னாலிருந்து மோதியதில் மணமகள் அவ்விடத்திலேயே உயிரிழந்தார், மணமகன் படுகாயமடைந்தார். காரைச் செலுத்தியவர் 2024 ஆம் ஆண்டு டிசம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 25 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். குற்றம் முழுவதும் காரைச் செலுத்தியவருடையதே. எனினும் நசுங்காத கூடும் காற்றுப் பையும் இல்லாத வண்டியை ஒன்றரைத் தொன் எடையுள்ள காரோடு ஒரே ஒழுங்கையில் ஓடவிடுவது பற்றிய கேள்வி அத்தண்டனையோடு தீர்ந்துவிடவில்லை. வேக எல்லைப் பலகை 35 மைலுக்கு மேற்படாத வீதிகளில் மட்டும் அனுமதி என்ற வழமையான விதி, எல்லோரும் பலகையை மதிப்பர் என்ற நம்பிக்கையின் மேல் நிற்பது. வண்டிகளைக் கார்களிலிருந்து பிரித்துத் தனிப் பாதையில் விட்ட ஊர்களின் வழியே மேலானது என்பது எமது அபிப்பிராயம். அவ்வழி செலவு மிக்கது என்பதையும் மறுக்க முடியாது.

பண்ணைகளில் சாமான் ஏற்றப் பயன்படும் ‘யூ.டி.வி.’ எனப்படும் பயன்பாட்டு வாகனங்களின் சிக்கல் வேறு விதமானது. கோல்ப் வண்டி வீதிக்கு மெதுவானது, இவையோ வேகமானவை. ஆனால் மண்ணுக்காக ஆக்கப்பட்டவை. வாகனம் வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சில்லு உட்புறச் சில்லைவிடக் கூடுதலான தூரம் உருள வேண்டும். காரில் இவ்வேறுபாட்டை ‘டிபரன்ஷியல்’ ஈடுசெய்கின்றது. சேற்றில் புதையாமலிருக்கும் பொருட்டு பின்னிரு சில்லுகளும் ஒன்றாகவே சுழலுமாறு பூட்டப்பட்ட வாகனத்தில் ஒரு சில்லு வழுக்கியே ஆகவேண்டும். மண்ணில் அது இலகுவாக வழுக்கும். தார் வீதியில் வழுக்க மறுக்கும். காற்றமுக்கம் குறைந்த ரயரும் உயர்ந்த புவியீர்ப்பு மையமும் சேர்ந்துகொண்டால் வாகனம் கவிழ்வதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை. தார் வீதியில் ஓட்ட வேண்டாம் என உற்பத்தியாளர்களே எச்சரிப்பதன் காரணம் இதுவே. எனினும் விவசாய மாநிலங்களில் வயலிலிருந்து வயலுக்குச் செல்ல வீதியே வழி என்பதால், அனுமதிச் சீட்டு, வேக எல்லை, விளக்கு என்னும் நிபந்தனைகளோடு பல நகர சபைகள் கதவைத் திறந்துவிட்டுள்ளன.

இவ்விடத்தில் எமது வாசகர்களுக்கு நினைவுக்கு வருவது ‘லான்ட் மாஸ்டர்’ ஆகவே இருக்கும். பிரித்தானிய வர்த்தகப் பெயரொன்று பொதுப் பெயராகிவிட்ட அந்த இரு சில்லு உழவு இயந்திரம், பெட்டி பூட்டப்பட்டதும் வன்னியிலும் சம்மாந்துறையிலும் கிண்ணியாவிலும் நெல்லையும் விறகையும் மட்டுமன்றி ஆட்களையும் ஏற்றிச் செல்கின்றது. அதிலும் வயலுக்கான அமைப்பு வீதியில் பகையாகும் இடமொன்று உண்டு. சமதரையில் இடப்பக்கக் கிளச்சைப் பிடித்தால் இயந்திரம் இடப்புறம் திரும்பும். பாரம் பின்னாலிருந்து தள்ளும் இறக்கத்தில் அதே கிளச்சைப் பிடித்தால் இடச் சில்லு தடையின்றி உருள, இயந்திரம் வலப்புறம் திரும்பிவிடும். அனுபவமிக்க சாரதிகள் இதனை அறிவர். அவசரத்துக்கு இயந்திரத்தை இரவல் வாங்கிச் செல்லும் இளைஞர்கள் பாலத்தின் இறக்கத்திலேதான் அறிந்துகொள்கின்றனர்.

எமது நாட்டில் இவ்வியந்திரங்களை உள்ளூர் சபைகள் ஆள்வதில்லை. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமே நாடு முழுவதற்கும் உரியது. கை உழவு இயந்திரத்தைச் செலுத்துவதற்கு ‘ஜீ 1’ என்ற தனி வகுப்புச் சாரதி அனுமதிப்பத்திரம் உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. வருமான அனுமதிப்பத்திரம் மட்டும் மாகாணத்துக்குரியதாய்ப் பிரதேச செயலகங்கள் ஊடாக வழங்கப்படுகின்றது. மிதிவண்டிக்கும் மாட்டு வண்டிக்கும் ஒரு காலத்தில் உள்ளூராட்சி மன்றங்களே ஆண்டு வரி அறவிட்டன என்பதை முதியவர்கள் நினைவுகூர்வர்.

ஒரு நாட்டுக்கு ஒரு சட்டம் என்பதில் நன்மை உண்டு. ஊருக்கு ஊர் விதி மாறும் அமெரிக்கக் குழப்பம் எமக்கு வேண்டாம். ஆயினும் அறுவடைக் காலத்தில் எந்த வீதியில் எத்தனை பெட்டிகள் இருளில் விளக்கின்றி ஊர்கின்றன என்பதை அறிந்திருப்பது கொழும்பு அல்ல, அந்தந்தப் பிரதேச சபை. ஐயோவாவின் முக்கோணச் சின்னம் ஒரு தகரத் துண்டும் ஒளி தெறிக்கும் தாளுமே. நெற்பெட்டியின் பின்புறத்தில் அதனைப் பொருத்துவதற்குப் பாராளுமன்றத்தின் அனுமதியை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. விவசாயிகள் சங்கங்களும் பிரதேச சபைகளும் அடுத்த பெரும்போக அறுவடைக்கு முன்னர் இதனைத் தொடங்கலாம்.