கோட்டை எங்கே சேர்?



போன கிழமை தரம் 10 பிள்ளைகளுக்கு ஒரு பழைய படம் காட்டினேன். விக்டோரியா ராணி காலத்தில் கண்டியில் ஸ்டூடியோ வைத்திருந்த ஸ்கோவன் கம்பெனியின் படம். தலதா மாளிகை, எண்கோண மண்டபம், அகழி, முகில் வடிவில் வெட்டிய மதில். எல்லாம் துல்லியமாக இருக்கிறது.

"சேர், சனத்தைக் காணோமே? அப்ப கண்டியில ஆக்கள் இருக்கலையா?" என்றான் கடைசி வாங்கில் இருந்த ஒருவன்.

நல்ல கேள்வி. அக்காலப் படப்பிடிப்பில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காயுமுன் படமெடுத்துக் கழுவ வேண்டும். தகட்டில் ஒளி விழ பல விநாடிகள் பிடிக்கும். அசையாமல் நிற்பது பதியும். நடப்பவர் வெறும் புகைபோல் தெரிவார், அல்லது காணாமலே போவார். மதில் நின்றது, பதிந்தது. மூட்டை சுமந்தவர் நடந்தார், மறைந்தார்.

எண்கோண மண்டபத்தைக் கட்டுவித்தவர் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன்; அமைத்தவர் தேவேந்திர மூலாச்சாரி. 1815 மார்ச் 2இல் பக்கத்து மகுல் மடுவவில் நாடு கைமாறியது. மன்னர் வேலூருக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே மரணித்தார். 1867இல் ரயில் வந்தபின் அவருடைய மண்டபம் வெள்ளைக்காரப் பயணிகள் வாங்கிப்போகும் படமாகிவிட்டது.

படத்தில் விழாத கண்டி எது? உப்பும் கருவாடும் துணியும் கரையோரத்திலிருந்து மலைக்கு ஏற்றி, பாக்கை இறக்கிப்போன தாவள மாடுகளின் கண்டி. அதில் நம் முன்னோர் பலர் இருந்தார்கள். 1660இலிருந்து 19 வருடம் கண்டி அரசில் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தன் நூலில், கண்டியில் முஸ்லிம்களின் பள்ளி ஒன்று இருந்ததையும், அதற்குக் காணிக்காரர் ஒவ்வொருவரும் ஒரு பணம் கொடுக்க வேண்டுமென முன்னைய அரசர் ஒருவர் விதித்திருந்ததையும் எழுதுகிறார். பௌத்த அரசர் பள்ளிக்கு விதித்த வரி! இதைச் சொன்னபோது வகுப்பு கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அடுத்து ஒரு பிள்ளை கேட்டது: "காசில் ஹில் ஸ்ட்ரீட்னு வாப்பா சொல்றாரே, அந்தக் கோட்டை எங்கே சேர்?"

கொட்டுகொடல்ல வீதியைத்தான் பழைய ஆட்கள் அப்படிச் சொல்வார்கள். சிங்களத்தில் கோட்டை மேடு என்று பொருள். ஆங்கிலேயர் அப்படியே பெயர்த்துக்கொண்டார்கள். கோட்டை கண்ணுக்கு இல்லை, கடைகள்தான் இருக்கின்றன. ஆனால் 1915 மே 28 வெசாக் இரவு, அந்த வீதிப் பள்ளிக்கு முன்னால் ஊர்வலம் போவதில் எழுந்த தகராறுதான் நாடெங்கும் கலவரமாகப் பரவியது. ஒரு சில நாட்களில் இராணுவச் சட்டம் வந்தது. நொக்ஸ் சொன்ன அதே ஊர்தான். இரண்டையும் ஒரே பாடவேளையில் சொன்னேன். ஒன்றை மட்டும் சொல்லிப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப மனம் வரவில்லை.

உங்களில் யாருடைய வீட்டிலாவது வாப்பாவோ அப்பாவோ கடை வாசலில் நிற்கும் பழைய கண்டிப் படம் இருந்தால் ஸ்கேன் பண்ணி அனுப்புங்கள். பின்பக்கம் ஏதாவது எழுதியிருந்தால் அதையும் சேர்த்து. மாளிகைப் படம் வேண்டாம், அது நிறைய இருக்கிறது.