தோலின் தடிப்பும் மூலக்கூறின் விசையும்: செங்கற்பட்டு பி.சி.ஜி. ஆய்வு விட்டுச்சென்ற வினா

கிண்டியில் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம் 1948இல் நிறுவப்பட்டது. ஊசித் திட்டம் பரவியபோது எதிர்ப்பும் எழுந்தது. 1955இல் இராஜாஜி அதனைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். அதை அறிவியல் அறியாமை என்று ஒதுக்குவது எளிது. ஆயினும் ஊசியின் பயன் குறித்து முடிவான இந்தியச் சான்று அன்று இல்லை.

அச்சான்றைத் தேடி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக நலவாழ்வு நிறுவனத்தின் துணையுடன் 1968இல் செங்கற்பட்டு மாவட்டத்தில் களமிறங்கியது. ஏறத்தாழ 2,80,000 பேருக்குப் பி.சி.ஜி. ஊசியோ மருந்தற்ற போலி ஊசியோ குலுக்கல் முறையில் இடப்பட்டது. அதனுடன் முன்கையில் டியூபர்குலின் செலுத்தப்பட்டது. மூன்றாம் நாள் தோலின் தடிப்பு மில்லிமீட்டரில் அளக்கப்பட்டது. முன்பே காசநோய்க் கிருமியை அறிந்த டி செல்கள் அவ்விடத்தில் திரள்வதாலேயே தோல் தடிக்கிறது. எனவே அந்த அளவுகோல் உண்மையில் அளந்தது செல்களின் நினைவையே.

இங்குதான் சிக்கல் தோன்றியது. காசநோய்க் கிருமியின் உறவினமான வேறொரு மைக்கோபாக்டீரியத்திலிருந்து எடுத்த டியூபர்குலினுக்கும் பெரும்பாலோர் தோல் தடித்தது. மண்ணிலும் நீரிலும் வாழும் அவ்வினங்களை அவர்கள் உடல் முன்பே கண்டிருந்தது. 1979இல் வெளியான முடிவு, நுரையீரல் காசநோயிலிருந்து ஊசி காக்கவில்லை என்றது. 1999இல் வெளிவந்த பதினைந்தாண்டு முடிவும் பெரியவர்களைப் பொறுத்தவரை அதனையே உறுதிசெய்தது. சூழல் கிருமிகளே காரணம் என்பது பலரும் ஏற்கும் விளக்கம், ஐயமற்ற விளக்கமன்று.

நெருங்கிய உறவுடைய இரு அயல்பொருள்களைச் செல் எவ்வாறு வேறுபடுத்துகிறது? தடிப்பின் அகலம் இதற்கு விடை தராது. 2014இல் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் செங் சூ குழுவினர், நுண்குழாய் முனையில் பிடித்த சிவப்பணு ஒன்றையே சுருள்வில்லாக்கி, எலியின் டி செல் ஏற்பியை இழுத்துப் பார்த்தனர். செல்லைத் தூண்டும் ஆன்டிஜெனுடனான பிணைப்பு, சுமார் 10 பிக்கோநியூட்டன் விசையில் மிக நீண்ட நேரம் நிலைத்தது. தூண்டாதவற்றின் பிணைப்பு இழுக்க இழுக்க விரைந்து அறுந்தது. ஒரு பிக்கோநியூட்டன் என்பது நியூட்டனில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. ஒட்டுகிறதா என்பதைவிட, இழுக்கும்போது எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்பதே முக்கியம் என்று இதனால் தெரிந்தது. எலிச் செல்லில் கண்ட இவ்வளவீடு செங்கற்பட்டு முடிவுக்கு விளக்கமாகிவிடாது. அங்கு மில்லிமீட்டர் அளவுகோலால் கேட்க முடியாத வினாவைக் கேட்பதற்கு ஒரு கருவியைத் தந்திருக்கிறது.